ஆண்டும் கிழமையும்

சனவரி பிறந்து மூன்று கிழமைகள் சென்றுவிட்டன. ஆண்டுத் தொடக்கத்திலே நம்மவர் பலரும் பல உறுதிகளைச் செய்துகொண்டனர். வைகறையில் எழுவேன் என்றவர் உளர்; நாள்தோறும் பத்துப் பக்கமேனும் படிப்பேன் என்றவர் உளர்; பாதியிலே கிடக்கும் கட்டுரையை இவ்வாண்டில் எழுதி முடிப்பேன் என்றவர் உளர்; புகைப்பதை விடுவேன் என்றவரும் உளர். புதிய நாட்குறிப்பேடுகளின் முதற் பக்கங்களில் அழகிய கையெழுத்தைக் காணலாம். மூன்றாங் கிழமைப் பக்கங்களைப் புரட்டுவோமாயின், அவற்றுட் பல எழுத்தின்றி வெறுமையாகவே இருக்கக் காண்போம். இவ்வியல்பை நன்கு அறிந்தமையாலன்றோ நம் முன்னோர் 'ஆரம்ப சூரத்தனம்' என்னும் தொடரை வழக்கிற் கொண்டுவந்தனர்!

இதனைக் கண்டு, ஆண்டுத் தொடக்க உறுதியே வீண் என்று நகைப்பார் சிலர். அது மேல்நாட்டார் வழக்கம், நமக்கு அதனால் என்ன என்பார் வேறு சிலர். சனவரி முதல் நாளை ஆண்டின் தலைநாளாக்கியவர் உரோமர் என்பது உண்மையே. கி. மு. 153 ஆம் ஆண்டு தொடக்கம் அவர்தம் ஆட்சித் தலைவர்கள் அந்நாளிலே பதவியேற்றனர். ஆயினும் நல்ல நாளிலே நல்லதைத் தொடங்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சித்திரைப் பிறப்பிலே மருத்துநீர் வைத்து நீராடிப் புத்தாடை உடுத்துக் கைவிசேடம் பெறுகிறோம். தைப்பூசத்திலே புதிர் எடுக்கிறோம். அந்நாளிலும் விசயதசமியிலும் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகிறோம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தொடங்குதல் நன்றே; அதிற் குறை காண்பதற்கு இடமில்லை. தொடங்கியதை எது தாங்கி நடத்துகின்றது என்பதே ஆராய்தற்குரிய வினா.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வாழும் நமக்கு இவ்வினாவின் விடை அயலிலே கிடக்கின்றது. வற்றாத ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று இங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாரி பொழிகின்றது. மார்கழி கழியும்போது அது தணிந்து விடுகின்றது. தையிலிருந்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே நிற்கின்றன. முன்னாளிலே துலா மிதித்து இறைத்தனர். இந்நாளில் இயந்திரம் கொண்டு இறைக்கின்றனர். கருவி மாறினும் முறை மாறவில்லை. இன்ன நாளில் இன்ன தோட்டத்துக்கு இறைப்பு என்னும் ஒழுங்கு தவறுமாயின் பயிர் வாடும். பெய்த மாரியின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்து வெங்காயம் விளைவித்த கமக்காரன் ஒருவனும் இலன். ஆண்டுத் தொடக்கத்திலே உள்ளத்தில் எழும் ஊக்கம் அம்மாரியை ஒத்தது. அது பெய்து ஓய்வது அதன் இயல்பு. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. ஓய்ந்த பின்னர் இறைப்பு முறை ஒன்று நம்மிடம் இருக்கின்றதா என்பதே கேள்வி.

இதற்கு நம் ஊரிலேயே மிகச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1847 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 31 ஆம் நாள், தமிழ்க் கணக்கிற் பிலவங்க வருடம் மார்கழி 18, வெள்ளிக்கிழமை. அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே நல்லூர் ஆறுமுகம்பிள்ளை என்னும் இளைஞர் சைவப் பிரசங்கம் ஒன்றைத் தொடங்கினார். இருபத்தைந்து வயது நிறைந்து இரண்டு கிழமை கூட ஆகாத பருவம் அது. நாவலர் என்னும் பட்டம் அவருக்கு இன்னும் வாய்த்திலது. அவர் அப்போது வெசிலியன் மிசன் பாடசாலையில் ஆசிரியர்; பேர்சிவல் பாதிரியாருடன் விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் உழைத்துவந்தவர். பகலெல்லாம் பாடசாலைக் கடமை. அதற்கு மேலும் மொழிபெயர்ப்பு வேலை. இவற்றுக்கிடையிலேதான் அவர் தமக்கென ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக்கொண்டார்.

மறுநாள் ஆங்கிலப் புத்தாண்டு. ஆண்டுப் பிறப்பைக் கருதி அவர் அந்நாளைத் தெரிந்தார் என்று நாம் கூறவில்லை. அவர் தெரிந்தது வெள்ளிக்கிழமை என்னும் கிழமையையே எனல் பொருந்தும். ஏனெனில், அடுத்த வெள்ளிக்கிழமையும் பிரசங்கம் நிகழ்ந்தது. அதற்கடுத்த வெள்ளியும் நிகழ்ந்தது. கிழமைதோறும் அதே கோயிலில், அந்தி வேளையில், சில காலமன்று, ஆண்டுக்கணக்காக அது நடைபெற்றுவந்தது. நண்பராகிய கார்த்திகேய ஐயரும் அப்பணியிற் பங்குகொண்டார். கடவுள் ஒருவரே என்பதும், சிவலிங்க வழிபாடும், கொல்லாமையும், கள்ளுண்ணாமையும், ஈகையும் பொருளாக அமைந்தன. கேட்போருக்கு இன்ன கிழமை, இன்ன இடம் என்பது தெரியும். சொல்வோருக்கும் இன்ன கிழமைக்குள் இன்ன பொருளைப் படித்து ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பது தெரியும். தம் உள்ளம் அன்று எழுச்சி கொண்டிருக்கின்றதா சோர்ந்திருக்கின்றதா என்று பார்த்திருக்க அவருக்கு இடமில்லை, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை யாவரும் அறிவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. அவ்வாண்டிலேயே அவர் மிசன் பாடசாலை உத்தியோகத்தை விட்டார். 1849 இல் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுத் தமிழகஞ் சென்றவருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. பாலபாடங்களும், 1852 இல் பெரியபுராண வசனமும், பின்னர் இலக்கண இலக்கியப் பதிப்புகளும் வெளிவந்தன. 1864 இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவப்பெற்றது. 1879 ஆம் ஆண்டு திசெம்பர் 5 ஆம் நாள் அவர் மறையும்போது, அந்த முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. நாம் இன்று அவர் நிறுவிய பள்ளியையும் பதிப்பித்த நூல்களையும் போற்றுகிறோம், விழா எடுக்கிறோம். அவை யாவற்றுக்கும் முன்னே நின்றது கிழமை தவறாத ஒரு மாலைப்பொழுது என்பதை எண்ணிப் பார்ப்பது குறைவு.

சங்கற்பம் என்னும் சொல்லை நாம் இப்பொழுது விருப்பம் என்ற அளவிலே வழங்கிவருகிறோம். கோயிலிலே சிவாசாரியார் சங்கற்பஞ் செய்யும்போது சொல்வனவற்றைக் கூர்ந்து கேட்டல் வேண்டும். இன்ன வருடம், இன்ன அயனம், இன்ன பருவம், இன்ன மாதம், இன்ன பக்கம், இன்ன திதி, இன்ன வாரம், இன்ன நட்சத்திரம் என்று காலத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, இன்ன தேசத்தில், இன்ன தலத்தில் என்று இடத்தையும் வரையறுத்து, இன்னார் பொருட்டு, இன்ன பயன் கருதி என்று முடிக்கின்றார். காலமும் இடமும் சொல்லாமற் சங்கற்பம் இல்லை. திருவள்ளுவரும் காலமறிதலை 49 ஆம் அதிகாரமாகவும் இடனறிதலை 50 ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தனர். வினைத்திட்பம் என்பது அவற்றின் பின்னர், 67 ஆம் அதிகாரமாக வருகின்றது. அவை பொருட்பாலிற் கூறப்பட்டவையாயினும், தன்னைத் தான் ஆள விரும்பும் ஒருவனுக்கும் அவ்வரிசை பொருந்துவதே. 'இவ்வாண்டு நன்றாகப் படிப்பேன்' என்பதிற் காலமும் இல்லை, இடமும் இல்லை. 'புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பாடசாலை நூல்நிலையத்தில், நன்னூற் சொல்லதிகாரம்' என்பது சங்கற்பம்.

நாவலர் போன்ற பெரியோரை எடுத்துக்காட்டுவது எளிது. அவர் இல்லறத்தையும் துறந்து நின்றவர். உத்தியோகமும் குடும்பமும் உடைய எம்போலியர்க்கு அது கூடுமோ என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். கேட்கத்தக்க கேள்வியே. அதற்கு விடையாகச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களை நோக்குவோம். அவர் குடும்பத்தினர், சென்னை அரசாங்கத்தின் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்தவர், பின்னர்ப் புதுக்கோட்டைச் சமத்தானத்திலே நீதிபதியாகவும் இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் தேறிய அவருக்கு, பதவியும் ஊதியமுமே போதும் என்று இருந்துவிடத் தடையேதும் இல்லை. அவரோ செல்லரித்துச் சிதையும் ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, அச்சேற்றுவதைத் தம் கடனாக ஏற்றார்.

அவர்தம் பதிப்புகளின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது பயன் தரும். நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் 1868 இல் வந்தது. வீரசோழியம் 1881 இல். இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும் 1883 இல். தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885 இல். கலித்தொகை 1887 இல். இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889 இல். சொல்லதிகார நச்சினார்க்கினியம் 1892 இல். 1868 க்கும் 1881 க்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் நிற்கின்றன. ஆண்டுத் தொடக்க உறுதியை நம்பி வாழ்பவர் எவராயினும், அவ்விடைவெளியைக் கண்டு 'இனி இது நம்மால் ஆகாது' என்று ஏடுகளைக் கட்டி வைத்திருப்பர். அவர் கட்டி வைக்கவில்லை. உத்தியோகம் விட்ட நேரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தொடங்கிய பின்னர் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை நூல் வந்துகொண்டேயிருந்தது. 1901 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அவர் காலமானார். அவர் இட்ட வழியிலேதான் சங்கத் தொகை நூல்கள் நம் கைக்கு வந்தன.

இப்பணியின் தொடர்ச்சியை நம் காலத்திலும் காண்கிறோம். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்துயரை எண்ணிக் கண்ணீர் வடித்தோர் எண்ணிறந்தோர். 2005 இல் தன்னார்வலர் சிலர் 'நூலகம்' என்னும் பெயரில் ஈழத்து நூல்களை மின்வடிவிலே சேமிக்கத் தொடங்கினர். ஒரு நூல், பின்னர் இன்னொரு நூல் என்று போயிற்று அப்பணி. அதன் பயனாக, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த சஞ்சிகையொன்றை இன்று ஒரு மாணவி தன் வீட்டிலிருந்தே படிக்க முடிகின்றது. பெரும் அழிவுக்கு ஈடுசெய்யத் துணிந்தோர் கைக்கொண்ட வழியும் இந்தச் சிறிய, விடாத வழியே.

பிறநாட்டார் அனுபவமும் இதற்கு மாறுபடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே அமெரிக்காவில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் தாம் பெறவேண்டிய நற்குணங்கள் பதின்மூன்றை வகுத்துக்கொண்டார். அவை அனைத்தையும் ஒருங்கே பற்ற அவர் முயன்றிலர். கிழமைக்கு ஒரு குணத்தின் மேற் கருத்தைச் செலுத்தி, தவறிய போதெல்லாம் சிற்றேடொன்றிற் கறுப்புப் புள்ளி இட்டுவந்தார். பதின்மூன்று கிழமையில் ஒரு சுற்று. ஆண்டில் நான்கு சுற்று. ஒழுங்கு என்னும் குணம் தமக்கு இறுதிவரை கைவரவில்லை என்று அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். எனினும் முயலாதிருந்தால் எவ்வளவு தாழ்ந்திருப்பேனோ அவ்வளவு தாழாமல் அம்முயற்சி தம்மைக் காத்தது என்பது அவர் கருத்து.

2010 இல் வெளிவந்த ஆய்வொன்றும் இங்கே கருதத்தக்கது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர், புதிய பழக்கம் ஒன்றை மேற்கொண்ட 96 பேரைப் பன்னிரண்டு கிழமைகள் நோக்கினர். பழக்கம் தானே நிகழும் நிலையை எய்துவதற்கு நடுவளவாக 66 நாட்கள் சென்றன. ஆளுக்கு ஆள் அக்கணக்கு மாறி, 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணிக்கப்பட்டது. அஃதாவது, மூன்றாங் கிழமையிலே 'இன்னும் பழகவில்லையே' என்று சோர்பவர், பயணத்தின் மூன்றிலொரு பங்கிலேயே வண்டியை விட்டு இறங்குகின்றார். அவ்வாய்வு கூறும் மற்றொரு செய்தி இதனினும் ஆறுதலானது: இடையிலே ஒருநாள் தவறுவதனால் பழக்கம் உருவாவது குலைந்துவிடுவதில்லை. நம் கோயில்களிலும் கும்பாபிடேகத்தன்றே யாவும் நிறைவெய்தியதாக ஒருவரும் கொள்வதில்லை. அதன்பின் மண்டலாபிடேகப் பூர்த்தி வரை நாள்தோறும் அபிடேகம் நடந்தாக வேண்டும். விழாவின் பெருமை ஒரு நாளைக்கு. அதனை நிலைநிறுத்தும் நாட்களோ பல.

தவறிய கிழமையைப் பற்றி ஒரு சொல். உறுதியை முறிப்பது தவறுதல் அன்று; தவறியதற்காகக் கொள்ளும் வெட்கமே பெரும்பாலும் அதனை முறிக்கின்றது. ஒரு நாள் படிக்கவில்லை. மறுநாள் அந்நூலைக் கண்டாலே மனம் கூசுகின்றது. அதனைப் பார்வைக்கு எட்டாத தட்டிலே வைத்துவிடுகின்றோம். 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்கிறோம். ஆண்டை அளவாகக் கொண்டவனுக்கு ஒருமுறை தவறினால் அடுத்த தொடக்கம் பதினொரு மாதங்களுக்கு அப்பால் நிற்கின்றது. கிழமையை அளவாகக் கொண்டவனுக்கோ ஏழாம் நாளே புத்தாண்டு.

இவற்றை ஆசிரியருக்கும் மாணவருக்கும் இலக்கிய வட்டத்தினருக்கும் நாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிழமைதோறும் கூடி ஒரு நூலை முறையாகப் பாடங்கேட்கும் வழக்கம் நம்மிடையே மெலிந்து வருகின்றது. கோயில்களிலே ஒருவர் புராணம் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் இருந்து கேட்ட புராண படனம் பல இடங்களிற் கேட்போரின்றிக் குறுகிவிட்டது. கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையவர்கள் பெயரிட்டுப் பாராட்டியது, நாள் முறை தவறாத அக்கூட்டங்களிலேதான் வளர்ந்தது. இன்று மாணவரின் மாலைகளையும் விடுமுறைகளையும் பரீட்சை வகுப்புகள் கவர்ந்துகொள்கின்றன. ஆசிரியருக்கோ படிவங்களும் கூட்டங்களும் ஓய்வு தருவதில்லை. ஆண்டுத் தொடக்கத்திலே 'இவ்வாண்டு சங்க இலக்கியம் முழுவதும்' என்று எண்ணுகிறோம். ஆண்டு முடிவிலே முதற்பாட்டின் உரையைத் தாண்டவில்லை. இந்நிலை நீடிக்குமாயின், பழைய நூல்களை உரையோடு படித்துப் பிறர்க்குப் பாடஞ் சொல்லவல்லார் அடுத்த தலைமுறையில் அரியராவர். நூல்கள் அச்சிலும் மின்வடிவிலும் இருக்கும். அவற்றை வாய்திறந்து பொருள் சொல்வார் இரார்.

ஆதலின் செய்யத்தக்க ஒன்றைச் சொல்லி அமைவோம். நால்வரோ ஐவரோ ஒருங்கு கூடுங்கள். பாடசாலையோ வாசிகசாலையோ கோயில் மண்டபமோ ஓரிடத்தை வரையறுங்கள். கிழமையில் ஒரு நாளையும் ஒரு மணியையும் குறியுங்கள். திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு கிழமைக்கு ஓரதிகாரமாகப் படியுங்கள். அறத்துப்பாலில் உள்ளவை 38 அதிகாரங்கள். ஆண்டிற் கிழமைகள் 52. நல்லூர்த் திருவிழாவும் பரீட்சையும் காய்ச்சலும் கலியாணவீடும் மழையும் பதினான்கு கிழமைகளைக் கொண்டுபோனாலும், ஆண்டு முடிவதற்குள் அறத்துப்பால் முற்றுப்பெறும். இவ்வாறே செல்லின், 133 அதிகாரங்களும் தவறுங் கிழமைகளையும் சேர்த்து மூன்றரை ஆண்டுக்குள் அடங்கும். வருபவர் ஐவராயினும் நடத்துங்கள், இருவராயினும் நடத்துங்கள். ஒருவரே வந்தாராயின், அவர் அன்றைய அதிகாரத்தைத் தனியே படித்துவிட்டு வீடு செல்வாராக. அடுத்த கிழமைக்கு இடமும் நேரமும் மாறாதிருக்க அதுவே போதும்.

கிழமை என்னும் சொல்லுக்கு நம்மூர் வழக்கிலே வாரம் என்பது பொருள். நூல் வழக்கிலே உரிமை என்பது பொருள். ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என்ற இலக்கணகாரர், அதனைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் இரண்டாக வகுத்தனர். 'என் குடை' என்பதிலே குடை என்னின் வேறானது. மறந்து வைத்துவிட்டு வந்தாலும் நான் நானாகவே இருப்பேன். 'என் கை' என்பதிலே கை என்னோடு ஒன்றானது. அதனை எங்கும் மறந்து வைத்துவிட்டு வர இயலாது. ஆண்டின் முதல் நாளிலே செய்துகொள்ளும் உறுதி பிறிதின்கிழமையாகவே நம்மிடம் இருக்கின்றது. மூன்றாங் கிழமையில் அதனை எங்கோ மறந்து வைத்துவிடுகிறோம். கிழமை கிழமையாகச் செய்து வருமிடத்து அது மெல்ல மெல்லத் தற்கிழமையாகின்றது. மாணவர்களே, ஆசிரிய அன்பர்களே, ஆண்டிலே மூன்று கிழமைகள் சென்றன என்று வருந்தற்க, நாற்பத்தொன்பது எஞ்சியிருக்கின்றன. வரும் கிழமையில் ஒரு நாளைக் குறித்து, அன்றே தொடங்குக.